அமுதவள்ளி எழுதிய இரண்டாயிரம் கண்கள்

கண் எழுதும்போது அமுதவள்ளி மூச்சு விடமாட்டாள். நான்கு அங்குலப் பீங்கான் பொம்மையை இடக்கையில் ஏந்தி, தூரிகை நுனியைக் கருஞ்சாயத்தில் தொட்டு, நெஞ்சுக்குள் காற்றை நிறுத்தி ஒரு வளைவு. பிறகு ஒரு பெருமூச்சு. மீண்டும் நிறுத்தி இன்னொரு வளைவு. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுக்கு இதுவே தொழில். மண்ணைக் கரைப்பவர்கள் உண்டு. கரைத்த மண்ணை அச்சில் வார்ப்பவர்கள் உண்டு. உடைக்கும் முடிக்கும் வண்ணம் தீட்டும் பெண்கள் எண்மர் உண்டு. கண் மட்டும் அவளுடையது.

அவள் பிறந்தது கம்மாபுரத்துப் பக்கம். தந்தையின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு குடும்பம் விருத்தாசலத்துக்குப் பெயர்ந்தது. வேலை கேட்டு வந்த அன்று வாயிற்பதிவேட்டில் அவள் பெயரும் ஊரும் எழுதியதைத் தொழிலகத்தின் உரிமையாளர் விருத்தகிரி பார்த்தார். முத்து முத்தான எழுத்து. ஒரு கோடு நடுங்கியிருக்கவில்லை. "இந்தக் கை மண்ணு பெசையற கை இல்ல" என்று சொல்லி, அன்றே கண் எழுதும் பலகையின் முன் உட்கார வைத்தார்.

அக்காலத்தில் அங்கே செய்யப்பட்டவை தெய்வப் பொம்மைகள். கொலுப்படிக்குரிய கண்ணனும் கலைமகளும், சதுர்த்திக்குப் பிள்ளையாரும். எங்கும் எழுதிவைக்கப்படாத ஒரு நெறி அந்தக் கொட்டகையில் இருந்தது. கண் எழுதும்வரை அது மண். உடைந்தால் கூட்டித் தள்ளலாம், சரக்கு என்று சொல்லலாம். கண் திறந்தபின் அதைத் தரையில் வைக்கலாகாது. சரக்கு என்று சொல்லலாகாது. எக்காரணம் கொண்டும் நெருப்புக்குத் திருப்பி அனுப்பலாகாது. அதனால் சூளை வேலை அனைத்தும் முடிந்த பிறகே கண் எழுதப்படும். சூட்டில் ஏறாத சாதாரணச் சாயம்தான். ஆனாலும் கொலுவில் பத்து நாள் அமரும் பொம்மைக்கு அது போதும்.

ஒரே ஒரு முறை அந்நெறி மீறப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு வணிகர் ஒருவர் நாற்பது கண்ணன் பொம்மைகள் கேட்டார். தண்ணீர் பட்டாலும் கண் அழியக் கூடாது, ஆகவே கண்ணுக்கும் நெருப்பில் உருகி ஒட்டும் சாயம் வேண்டும் என்றார். அமுதவள்ளி தயங்கினாள், மேற்பார்வையாளர் அதட்டினார், எழுதினாள். எண்பது கண்கள் திறந்த நிலையில் நாற்பது கண்ணன்களும் சூளைக்குள் போயினர். சூளையில் நின்றவன் அவளுடைய கணவன் காத்தவராயன். மணமாகி இரண்டாண்டு. பார்வைத் துளையின் மூடியை நகர்த்தி அவன் உள்ளே நோக்கிய நொடியில் தேங்கியிருந்த எரிவாயு பற்றிச் சீறி, துளைவழியே ஒரு நாக்குப்போல் வெளியே வந்தது. இடக்கண் அன்றோடு போயிற்று.

வால்வு தேய்ந்திருந்தது என்றார்கள். அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அமுதவள்ளி வாய்திறக்கவில்லை. எண்பது கண்களை நெருப்பில் இட்டேன், நெருப்பு ஒரு கண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டது: இக்கணக்கு அவள் உள்ளத்தில் எழுதப்பட்டு, பதினாறு ஆண்டுகளாக அழியாமல் இருந்தது.

தொழிலகத்தின் வரலாறோ வேறு திசையில் ஓடியது. விருத்தகிரி தொடங்கியபோது ஊறுகாய் ஜாடி. பிளாஸ்டிக் வந்து ஜாடி நின்றபின் தெய்வப் பொம்மை. நோய்த்தொற்று ஆண்டில் அதுவும் விலைபோகாமல் அட்டைப்பெட்டிகளிலேயே உறங்கியது. அப்போதுதான் சென்னையில் படித்து வேலை பார்த்துவந்த அவர் மகள் இளமதி ஊர் திரும்பினாள். துணிப்பெட்டி ஒன்று, பொம்மைப்பெட்டி இரண்டு. திரைப்படக் கதாநாயகர், கார்ட்டூன் விலங்கு, விளையாட்டு வீரர் என்று வெளிநாட்டில் செய்து வந்த சிற்றுருவங்களை அலுவலக மேசைமேல் வரிசையாக அடுக்கினாள்.

சூளை வேலைக்காரர் சுப்புராயன் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என்னா பாப்பா இது, தல பூசணிக்கா மாரி, ஒடம்பு சுண்டக்கா மாரி?"

"அதாண்ணே அழகு. இத வாங்குறவங்க வெளையாட மாட்டாங்க. சேத்து வைப்பாங்க. பாதிப் பேரு பொட்டியக் கூடப் பிரிக்க மாட்டாங்க."

"பிரிக்காத பொம்மய எதுக்கு வாங்குறது? கல்யாணம் கட்டிக்கினு வந்து பொண்ண வாசல்லயே நிறுத்துறாப்ல."

சிரித்தவர்கள் சில மாதங்களில் சிரிப்பை மறந்து வேலை பார்த்தார்கள். மினி பஸ் கண்டக்டர், புரோட்டா மாஸ்டர், கபடி வீராங்கனை என்று இளமதி வரைந்து கொடுத்த உருவங்கள் 'குட்டிமலை' என்ற புதுப்பெயர் தாங்கி இணையத்தின்வழி ஊர் ஊராகப் போயின. விசில் வாயில் வைத்த கண்டக்டரைக் கேட்டுத் துபாயிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. கொட்டகையில் நாற்பது பேருக்கு மறுபடி வேலை இருந்தது. நான்காம் ஆண்டில், சென்னையில் கார்ட்டூன் தொடர் எடுக்கும் ஒரு நிறுவனம் தன் நாயகனாகிய மின்மினி மறவனைச் செய்துதரக் கேட்டது. உருப்படி ஆயிரம் மட்டுமே. ஒவ்வொன்றின் அடியிலும் ஒன்று முதல் ஆயிரம்வரை எண். இருளில் வழிகாட்டுபவன் என்பதால் மறவனுக்கு முகத்தில் பாதி கண். ஒவ்வொரு கருவிழிக்குள்ளும் பச்சைப் பொட்டொன்று.

"கண்ணுதான்க்கா இதுல உசுரு" என்றாள் இளமதி. "தொடச்சாலும் கழுவுனாலும் போகக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே போட்டிருக்காங்க. கண்ணுக்குன்னு மூணாவது வாட்டி சூளைல ஏத்திடணும். சாம்பிளுக்கு நான் வரைஞ்சேன். ஆயிரத்துக்கும் நீங்க வரையணும்."

"சரி பாப்பா" என்றாள் அமுதவள்ளி. சொல்லியபடியே கணவன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஏனெனில் காத்தவராயனின் எஞ்சிய வலக்கண்ணில் மூன்றாண்டாக வளர்ந்துவந்த புரை அந்த ஐப்பசியில்தான் முற்றியிருந்தது. பெட்டி கட்டும் பகுதியில் வேலை பார்த்த அவன், எண்ணைப் படிக்கப் பொம்மையை மூக்குவரை கொண்டுபோனான். புதுச்சேரியில் மருத்துவர் பார்த்துவிட்டு, "இருக்குறது ஒத்தக் கண்ணு. புரை நல்லா முத்தியிருக்கு. கவனமாத்தான் செய்யணும், உறுதி சொல்ல முடியாது" என்று தை மாதத்தில் அறுவைக்கு நாள் குறித்திருந்தார். எண்பது கண்ணுக்கு ஒரு கண் போயிற்று என்றால் இரண்டாயிரம் கண்ணுக்கு எது போகும்? அவன் முகத்தில் எடுத்துக்கொள்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்.

அவள் செய்த செயலை வேறெந்த ஊரிலும் எவரும் செய்திருக்க மாட்டார்கள். கொட்டகையின் பின்னறையில் சிறிய மின்சூளை ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. சூளையை அங்கே கிளன் என்பார்கள். "கண்ணுக்குச் சூடு பக்குவமா குடுக்கணும். பெரிய கிளன்ல வேணாம், இதுல நானே ஏத்திக்கிறேன்" என்று சுப்புராயனிடம் சொன்னாள். கொலுப்பொம்மைக்கு வாங்கி மிஞ்சியிருந்த சாதாரணச் சாயத்தால் கண் எழுதி, மேலே வார்னிஷ் பூசி, நாற்பது நாற்பதாக அலமாரியில் அடுக்கிப் பூட்டினாள். பிறகு மின்சூளையின் கதவை மூடி விசையை அழுத்தினாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறுஞ்சூளை சிவந்து எரிந்தது. அவ்வழியே போகும் இளமதி துளையில் தெரியும் செவ்வொளியைப் பார்த்துத் தலையசைத்துப் போவாள். இருபத்தைந்து நாள் இருபத்தைந்து முறை அந்த வெறுமையை அமுதவள்ளி எரித்தாள். ஒவ்வொரு நாள் மாலையும் வீட்டு வாசலில் கணவனிடம் கேட்டாள்:

"எதிர்ல வர்றது யாரு, தெரியுதா?"

"மசமசன்னு தெரியுது. நடையப் பாத்தா நடராசன். ஏன், கடன் கிடன் வாங்கியிருக்கியா?"

அவள் சிரிக்க முயல்வாள்.

கார்த்திகையில் அறுநூறு மறவர்கள் பெட்டியேறிப் போனார்கள். மார்கழி பத்தாம் நாள், கோயம்புத்தூரில் பொம்மை சேகரிக்கும் ஒரு பெண் தன் மேசையைத் துடைக்கும் காணொளி வந்தது. கைக்குப் போடும் சானிடைசரைத் தாளில் நனைத்து மறவன் முகத்தில் படிந்த தூசியை ஒற்றினாள். தாளோடு கண்ணும் வந்தது. அதை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பிறகு ஊருக்கு ஊர் சோதித்துப் பார்த்தார்கள். குருட்டு மறவன் என்று பெயரிட்டுக் கேலிப்படங்கள் போட்டார்கள்.

உணவு இடைவேளையில் இளமதி கைபேசியை நீட்டி எல்லோருக்கும் அதைக் காட்டினாள். விழியில்லாத அந்த வெண்முகம் சிறு திரையில் திரும்பியபோது அமுதவள்ளி தன் சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்தாள். அருகில் அமர்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த காத்தவராயன் கழுத்தை நீட்டினான்.

"என்னா ஓடுது அதுல? எனக்கு வெள்ளையா ஒண்ணு தெரியுது, அவ்ளோதான். கிட்டக் காட்டேன் பாப்பா."

இளமதி கைபேசியை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

இளமதி தன் கையாலேயே சாயத்தூளைக் குழைத்து ஒரு கண் வரைந்து மின்சூளையில் ஏற்றிப் பார்த்தாள். கல்போல் ஒட்டி நின்றது. சாயத்தில் குறையில்லை, சூளையில் குறையில்லை. ஆகவே யாரோ நடுவில் சாயத்தை மாற்றியிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாய அறையின் சாவி சுப்புராயனிடம் இருந்தது. அவர் இங்கே வருவதற்குமுன் போட்டிக் கொட்டகையொன்றில் வேலை பார்த்தவர் என்பது திடீரென்று எல்லோர்க்கும் நினைவு வந்தது. எவரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அவர் தேநீர் குடிக்க வந்தால் பேச்சு நின்றது.

"அக்கா, வரையறப்ப ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சுதா?" என்று இளமதி அமுதவள்ளியைக் கேட்டாள்.

"இல்ல பாப்பா."

அவள்மேல் ஐயம்கொள்ள அந்தக் கொட்டகையில் எவர்க்கும் தோன்றவே இல்லை. அந்நம்பிக்கை கழுத்தில் கட்டிய கல்லாகக் கனத்தது. உறக்கம் போயிற்று, உண்டது ஒட்டவில்லை.

காவல்துறைக்குப் போகலாம் என்றாள் இளமதி. விருத்தகிரி மறுத்தார்.

"போலீசு எதுக்கு? கொளஞ்சியப்பர் இருக்காரு. பிராது கட்டிடலாம்."

மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர்க்குப் பிராது கட்டுவது அந்தச் சீமையில் எல்லோரும் அறிந்தது. குறையுற்றவர் தன் பெயரும் ஊரும் குறையும் தாளில் எழுதி, முருகப்பெருமானாகிய அவர் திருமுன் வைத்து, பின் காவல் தெய்வமான முனியப்பர் முன்னிலையில் கட்டிவிட்டு வந்தால், தொண்ணூறு நாளுக்குள் அவரே விசாரித்துத் தீர்ப்புரைப்பார் என்பது நம்பிக்கை. பொய் சொன்னவர்கள் வழக்குமன்றத்தில் தப்பியதுண்டு. அங்கே தப்பியதில்லை என்பார்கள்.

அலுவலக அறைக்கு அமுதவள்ளி அழைக்கப்பட்டாள். விருத்தகிரி நாற்காலியில் இருந்தார். இளமதி சன்னலோரம் நின்றாள். கதவருகே சுப்புராயன் கைகட்டி நின்றார்; வரச் சொல்லாமல் தாமாகவே வந்தவர்.

"உக்காரும்மா. உங்கையெழுத்துதான் லட்சணமா இருக்கும். சாமிக்கு எழுதுறது. நான் சொல்லச் சொல்ல எழுது."

தாளும் பேனாவும் அவள்முன் வைக்கப்பட்டன.

"'மணவாளநல்லூர் அருள்மிகு கொளஞ்சியப்பர் சன்னிதானத்துக்கு, விருத்தாசலம் விருத்தகிரி எழுதிக்கொண்ட பிராது.' ஆச்சா?"

"ஆச்சுங்கய்யா."

"'எங்கள் தொழிலகத்துப் பொம்மைகளின் கண்ணைக் கெடுத்தவர் யாரென்று நான் அறியேன். நீ அறிவாய்.'"

எழுதினாள். தன் கை தன்னைப் பற்றியே எழுதுவதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு அச்சமாக இருந்தது.

"'அவன் செஞ்சதுக்கு அவன் வூட்டுலயும் கண்ணு அவிஞ்சி போவணும்.' எழுதும்மா."

பேனா நின்றது.

"ஐயா, அந்த வரி வேணாம்ங்க."

"ஏன்?"

"பொம்மக் கண்ணுக்கு மனுசக் கண்ணக் கேக்கலாமாங்க?"

"செஞ்சது மனுசன்தான? நாப்பது குடும்பம் தெருவுல நிக்கப் போவுது. நீ என்னாம்மா அவனுக்குப் பரிஞ்சி பேசுற?"

கதவருகிலிருந்து சுப்புராயன் குரல் கொடுத்தார். "எழுது அமுதா. நல்லாப் பெருசா எழுது. நான் செஞ்சிருந்தா எங்கண்ணு போவட்டும், எம்புள்ளைங்க கண்ணு போவட்டும். யாரு தடுத்தா?"

அமுதவள்ளி பேனாவை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி மூடினாள்.

"அண்ணன் ஒண்ணும் செய்யலைங்க. நாந்தான் செஞ்சேன்."

முதலில் எவரும் நம்பவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: நாற்பது கண்ணன்கள், காத்தவராயனின் இடக்கண், கொலுச்சாயம், வார்னிஷ், வெறுஞ்சூளை. சொல்லும்போது அழவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"வெறும் கிளன்னயா எரிச்சீங்க?" இளமதியின் குரல் கீச்சிட்டது. "இருவத்தஞ்சு நாளா?"

"ஆமா பாப்பா."

சுப்புராயன் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி. அந்தச் செவப்பப் பாத்துட்டு, எங்க அமுதா மாரி பக்குவமா கிளன் ஏத்த ஆளில்லன்னு பேட்ட பூரா சொல்லிட்டு வந்தனே!"

அவர் சொன்னதில் சினமும் இருந்தது. பழி நீங்கிய ஆறுதலும் இருந்தது. விருத்தகிரி மட்டும் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பின்னர் மெல்லச் சொன்னார்: "அன்னைக்கு அந்தக் கண்ணனுங்களக் கிளன்ல வெக்கிறப்ப எனக்கும் மனசு ஒப்பல. சொல்லியிருக்கணும்."

அவர் சிரித்திருந்தால், மூடநம்பிக்கை என்று திட்டியிருந்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். தன் அச்சம் தனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்த அந்த நொடியில் அது இரண்டு மடங்காயிற்று.

இளமதி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. பேச்சில் மட்டும் தடுமாற்றம் இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்க்கா. உங்கள வெளிய அனுப்புறது எனக்கு ஒரு நிமிச வேல. ஆனா அந்தக் கண்ணு வேற யாருக்கும் வராது. தை இருவதுக்குள்ள புதுக்கண்ணோட நானூறு காட்டலைன்னா கம்பெனிக்காரங்க ஒப்பந்தத்த முறிச்சிடுவாங்க. அதுக்கப்பறம் இங்க யாரும் வேலைக்கு வர வேண்டியதில்ல. பழசத் தொடச்சிட்டு, சூட்டுச் சாயத்துல வரைஞ்சி நெருப்புல ஏத்துறீங்களா, இல்லையா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, சென்னைக்குப் போன் பண்ணிக் கதைய முடிச்சிக்கிறேன்."

"அவர ஒரு வார்த்த கேக்கணும்" என்றாள் அமுதவள்ளி.

காத்தவராயன் பெட்டிகட்டும் மேசையருகே அமர்ந்து கேட்டான். முதலில் சிரித்தான். பிறகு அவள் முகம் இருக்கும் திசையை உற்றுப் பார்த்து, சிரிப்பை நிறுத்தினான்.

"பதினாறு வருசமா எங்கண்ண நீ எடுத்தன்னா நெனச்சிக்கினு இருந்த? அது வால்வு, அமுதா. தேஞ்சிபோச்சு, மாத்துங்கன்னு மூணு வாட்டி நானே சொல்லியிருக்கேன்."

"வால்வு அன்னைக்குன்னு பாத்து ஏங்க போவணும்?"

அவன் மேசைமேலிருந்த பெட்டியின் மடிப்பை விரலால் நீவினான்.

"சரி, அப்புடியே வச்சிக்க" என்றான் கடைசியில். "கண்ணு யாருது? என்னுது. நான் சொல்றேன், ஏத்து. போனா உன்னப் பாக்குற வேல மிச்சம்."

அவள் அவன் தோளில் குத்தினாள். குத்திய கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

தை இரண்டாம் நாள் காலையில் அமுதவள்ளி தனியே மணவாளநல்லூர் போனாள். விருத்தகிரி சொல்லி எழுதிய தாள் முடிவுறாமலே அவர் மேசையில் கிடந்தது. இவள் எடுத்துச் சென்றது தானே எழுதிய வேறொன்று. 'கெடுத்தவள் நான். அஞ்சிக் கெடுத்தேன். நாளை முதல் திறந்த கண்களை நெருப்பில் வைக்கப் போகிறேன். அது பிழையானால் விலையை என்னிடம் கேள். என் வீட்டுக்காரரிடம் கேட்காதே.' தன் பெயரும் ஊரும் தெளிவாக எழுதியிருந்தாள், வேறொருத்தியைத் தெய்வம் தவறாகப் பிடித்துவிடக் கூடாதென்று.

கொளஞ்சியப்பர்க்கு முகமில்லை. கருவறையில் இருப்பது பலிபீடம் போன்ற ஓர் உருவிலாக் கல். ஆயிரமாயிரம் கண்கள் எழுதிய அவள், கண் எழுதப்படாத அக்கல்லின்முன் கைகூப்பி நின்றாள். மற்றத் தெய்வங்களின் முன் நின்றால் அருள்நோக்கோ வெகுளிநோக்கோ, ஏதோ ஒன்றை விழியில் படித்துக்கொள்ளலாம். இங்கே படிக்க ஏதுமில்லை. கேட்டாரா, ஏற்றாரா, மறுத்தாரா என்று அறியும் வழியின்றி, திருநீறு வாங்கி நெற்றியில் இட்டு, முனியப்பர் முன் தாளைக் கட்டிவிட்டு, முதுகில் எவரோ நோக்குவது போன்ற உணர்வோடு பேருந்துக்கு நடந்தாள்.

மறுநாள் முதல் நாற்பது. பழைய கண்களை ஸ்பிரிட்டால் துடைத்தபோது கறுப்புநீர் விரலிடையே வழிந்தது. குருடாகிய நாற்பது முகங்கள் அவளை நோக்கியிருந்தன. தூளைக் கண்ணாடிப் பலகையில் எண்ணெயிட்டுக் குழைத்தாள். மூச்சை நிறுத்தினாள், வளைவு, பச்சைப் பொட்டு. எண்பது கண்கள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்னும் அதே எண்பது என்பது நாற்பதாம் பொம்மையைக் கீழே வைத்தபோதுதான் உறைத்தது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மின்சூளையின் தட்டுகளில் அவற்றை முதுகு காட்டி அடுக்கலாமா என்று எண்ணினாள். பின், அது கோழைத்தனம் என்று தோன்ற, முகம் தெரியவே அடுக்கினாள். காத்தவராயன் வந்து முக்காலியில் அமர்ந்தான்.

"மாமா, தொளைக்கு நேரா உக்காராதீங்க" என்றார் சுப்புராயன். "இதுல வால்வு கெடையாது, கரண்டுதான். இருந்தாலும் தள்ளி உக்காருங்க. இந்தம்மா சொன்னதக் கேட்டதுலேர்ந்து எனக்கே கதவத் தொட ஒரு மாரி இருக்குது."

அமுதவள்ளி விசையை அழுத்தினாள். சூளை முனகியது. மணி ஏற ஏறத் துளையில் கறுப்பு மறைந்து, மங்கற்சிவப்பு தோன்றி, அது கிச்சிலிப்பழ நிறமாக மாறியது. எவரும் பாராத வேளையில் அவள் ஒரு முறை குனிந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையும் இல்லை, வண்ணமும் இல்லை. எல்லாம் ஒரே கனல். அக்கனலுக்குள் மட்டும் இரண்டிரண்டாகக் கரும்புள்ளிகள், இமையாமல். திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் கடலை தின்றுகொண்டிருந்தான்.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"என்னா?"

"நான் தெரியிறனா?"

"காலைல தெரிஞ்ச அளவுக்குத் தெரியிற. அஞ்சி நிமிசத்துக்கு ஒரு தரம் கேக்காத."

மறுநாள் காலை, கைபொறுக்கும் சூட்டில் கதவைத் திறந்தார்கள். முதற்பொம்மையை இளமதி எடுத்தாள். சானிடைசர் நனைத்த துணியால் அழுத்தி, மீண்டும் அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. கொட்டகையில் எவரோ கைதட்டினார்கள். அமுதவள்ளி தட்டவில்லை. நெருப்பு இம்முறை தன் பங்கை அங்கேயே வாங்கவில்லை என்பதுமட்டும் அவளுக்குத் தெரிந்தது. எங்கே வாங்கக் காத்திருக்கிறது என்பது தெரியவில்லை. தை பதினேழுக்குள் நானூறும் ஏறி இறங்கின. ஒவ்வொரு முறையும் அதே அச்சம். பத்தாம் முறை அது முதல் முறையைவிடக் கூடுதலாக இருந்ததே ஒழியக் குறையவில்லை.

பதினெட்டாம் நாள் அறுவை. இசைவுத்தாளில் காத்தவராயன் கையெழுத்திட இடம் தெரியாமல் தடவ, அவள் அவன் விரலைப் பிடித்து வைத்தாள். கதவு சாத்தப்பட்டது. அது சூளைக்கதவு சாத்தும் ஓசையைப்போல் இருந்தது என்று அவள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். பெஞ்சில் உட்கார முடியவில்லை. சுவரோரம் நின்று, அறிந்த பதிகங்களெல்லாம் சொல்ல முயன்றாள். ஒன்றும் இரண்டாமடியைத் தாண்டி வரவில்லை.

மறுநாள் காலை செவிலியர் கட்டைப் பிரித்தார். காத்தவராயன் கண்ணைத் திறக்காமலே சிறிது நேரம் இருந்தான். அந்தச் சிறிது நேரத்தில் அமுதவள்ளி தன் வாழ்நாளில் அஞ்சியதனைத்தையும் மறுபடி அஞ்சித் தீர்த்தாள். அவன் திறந்தான். நீர் வழிந்தது. இமைத்தான், இமைத்தான். அவளைப் பார்த்தான்.

"இது யாரு?" என்றான்.

அவள் கட்டிலை நெருங்கிக் குனிந்தாள்.

"தலையெல்லாம் இப்புடி நரைச்சிக் கெடக்குது. மூணு வருசமா கறுப்புன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். எப்ப அமுதா கெழவியான?"

செவிலியர் சிரித்துவிட்டார். அமுதவள்ளி முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

நானூறு மறவர்களும் காட்டப்பட்டார்கள், ஒப்பந்தம் நிலைத்தது. வாங்கியவர்களுக்கு இளமதி கடிதம் எழுத, போன அறுநூற்றில் ஐந்நூற்றுச் சொச்சம் திரும்பிவந்து, புதுக்கண்ணோடு அதே எண் தாங்கி மறுபடி போயின. திரும்பாதவற்றைக் குருட்டு மறவன் என்றே சிலர் பெருமையாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. இப்போது இரண்டாம் தொகுதி நடக்கிறது: மறவனின் பகைவன், விழிகள் செந்நிறம். கட்டிய பிராதை நிறைவேறியதும் போய்த் திரும்பப் பெற்றுக்கொள்வது முறை; விருத்தகிரி இருமுறை நினைவூட்டினார். "நெருப்புல வெக்கிறது இன்னும் நிக்கலையேங்கய்யா" என்று அவள் சொல்லிவிட்டாள். தாள் அங்கேயே இருக்கிறது.

சூளை ஏற்றும் நாளெல்லாம் கதவைச் சாத்தியதும் அவள் வீட்டுக்குப் போன் செய்வாள். அறுவைக்குப் பின் வீட்டோடு இருக்கும் காத்தவராயன் சுவரில் தொங்கும் நாட்காட்டித் தாளைப் படித்துக்காட்ட வேண்டும். பெரிய எண் போதாது. பொடியெழுத்து படிக்க வேண்டும். படித்து முடித்த பின்பே விசை அழுத்தப்படும். கொட்டகையில் எல்லோர்க்கும் இது தெரியும். முதலில் கேலி செய்தார்கள். இப்போது சுப்புராயனே, "மாமா படிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பக்கம் வருகிறார்.

சென்ற வியாழக்கிழமையும் அப்படியே போன் செய்தாள். மணி ஏழு தடவை அடித்த பிறகே அவன் எடுத்தான்.

"எங்க போனீங்க?"

"கொல்லைக்குப் போனேன். அதுக்குக் கூட உங்கிட்ட கேக்கணுமா? இரு, படிக்கிறேன். வியாழக்கெழம. சூலம் தெற்கு. பரிகாரம் தைலம். போதுமா?"

"கீழ பொடியா இருக்குமே, அது?"

"சந்திராஷ்டமம்... இன்னாடி இது, எறும்பு மாரி போட்டிருக்கான். இரு, கண்ணாடிய எங்க வச்சேன்?"

அவன் மேசைமேல் துழாவும் ஓசை போனில் கேட்டது. அமுதவள்ளி விசைமேல் வைத்திருந்த விரலை எடுத்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் எண்பது செவ்விழிகள் திறந்தபடி இருந்தன. சூளை குளிர்ந்தே கிடக்க, அவன் தேடி எடுத்துப் படிக்கட்டும் என்று போனைக் காதோடு அழுத்தி நின்றாள்.